அம்மா தைத்துக் கொடுத்த இருட்டு

சிங்கப்பூர்வாழ் பெருமக்களுக்கும், குறிப்பாகப் புக்கிட் பாத்தோக் வட்டாரத்துக் குடியிருப்பாளர்களுக்கும், எங்கள் பிளாக் பதினோராம் மாடி லிஃப்ட் வாசலில் நிரந்தரமாகப் படுத்திருக்கும் ஆரஞ்சுப் பூனைக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நான்கு நாட்களாகக் காணாமல் போயிருந்த எங்கள் வீட்டு டிவி ரிமோட், இன்று காலை அரிசி வாளிக்குள்ளிருந்து உயிருடன் மீட்கப்பட்டது. பேட்டரிகள் நலம். அரிசியும் நலம். சந்தேகத்தின்பேரில் விசாரிக்கப்பட்ட நான், போதிய ஆதாரம் இல்லாததால் அம்மாவால் விடுவிக்கப்பட்டேன். இரண்டாவது அறிவிப்பு முதலாவதைவிடச் சற்றே சிறியது. இன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரை இந்த வீட்டின் தற்காலிகப் பெற்றோராக, பதினேழு வயது நிரம்பிய இளைய மகனாகிய நான் நியமிக்கப்பட்டிருக்கிறேன். ஆகவே, என்னைவிடப் பத்து வயது மூத்த அக்காவே, இந்தக் கடிதம் முடியும்வரை நீ என் மகள்.

நியமனம் எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், மகளே. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா சென்டரில், உணவுக்கடைகள் இருக்கும் கீழ்த்தளத்தில், நாங்கள் மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாடியில்தான் அம்மாவின் தையல் கடை என்பதால் ஞாயிறு மதியச் சாப்பாடு நமக்கு எப்போதும் அங்கேதான். நீ மட்டும் தலைவலி என்று வரவில்லை. “நீங்க அவகிட்ட பேசுங்களேன்,” என்றார் அம்மா. “நான் பேசுனா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுரும். நல்லா சாப்பிடு, ஏசியை ரொம்ப வைக்காத. அதுக்கு மேல எனக்கு வராது,” என்றார் அப்பா. “அப்ப எழுதிக் குடுங்க.” “எழுதுனா அதைவிடச் சின்னதா வரும். நீ எழுது.” “நான் எழுதுனா பேப்பர் நனைஞ்சு போயிரும்.” அதன் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்போது அப்பாவின் பாலில்லாத தே ஓ டீ கிளாஸில் இரண்டாவது ஸ்ட்ராவைப் போட்டு ரகசியமாக உறிஞ்சிக்கொண்டிருந்தேன். “ஏன் என்னைப் பாக்கறீங்க? நான் மைனர் லா.” “தமிழ்ல நல்லா எழுதறல்ல? எங்க ரெண்டு பேர் சார்பா நீ எழுதுடா. ஆனா விளையாட்டு வேணாம். சீரியஸா எழுது,” என்றார் அம்மா. சீரியஸாக எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன். முடியாத இடங்களில் சீரியலாக எழுதிவிடுகிறேன். இது திறந்த கடிதம். அம்மாவும் அப்பாவும் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் கரும்பொருளைத் தேடும் அந்தக் குழு உன்னை மூன்று வருட வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் நீ சம்மதம் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்பு அந்தச் சேதி வந்த அன்று நீ சமையலறையில் குதித்த குதியில், பத்தாம் மாடி ஆண்ட்டி மேலே வந்து, யாராவது விழுந்துவிட்டார்களா என்று கேட்டார். இப்போது நீ குதிப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் ஜெர்மனி என்று யாராவது சொன்னால் எழுந்து கை கழுவப் போய்விடுகிறாய். நேற்று மாலை நீ லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தவறு. பெற்றோர் என்ற முறையில் அதை வன்மையாகக் கண்டிக்கிறேன். தம்பி என்ற முறையில் படித்துவிட்டேன். அழைப்புக்கு நன்றி, ஆனால் இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு வேண்டிய கவனம் என்னிடம் இல்லை என்று என் கடைசிச் சோதனை காட்டிவிட்டது, அதனால் நான் வரவில்லை என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறாய். அதை நீ அனுப்பக் கூடாது. இந்த நீண்ட கடிதத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய். நியாயமான கேள்வி. இந்தத் தீவில் என் அளவுக்கு ஒழுக்கமான குறும்புக்காரன் வேறு யாரும் கிடையாது என்பதே என் தகுதி. என் தொழிலுக்குச் சட்டங்கள் உண்டு. என் வேலையால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. நானாகச் சொல்லும்வரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அன்று பொழுது சாய்வதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுவேன். உன் கைப்பேசியில் உன் பேராசிரியரின் எண்ணுக்கு ‘அம்மா’ என்று பெயர் மாற்றி வைத்தது நினைவிருக்கிறதா? பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “சொல்லும்மா, சாப்ட்டாச்சா? மாத்திரை போட்டியா?” என்று அந்தப் பெரிய மனிதரிடம் நீ கேட்டாய். அவர் சீனர். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாதவர். ஆனாலும் குரலில் இருந்த பாசம் புரிந்திருக்க வேண்டும், “ஓகே, ஓகே” என்று சொல்லி வைத்துவிட்டாராம். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் நான் ஒப்புக்கொண்டேன். நீ என் காதைத் திருகினாய். சட்டம் காப்பாற்றப்பட்டது.

உன் வேலை இந்த வீட்டில் யாருக்கும் புரியாது என்று நீ ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தாய். மீக்கடத்தி என்று நீ முதன்முதலில் சொன்ன அன்று, அக்கா மீன் கடத்துகிறாள் என்று நான் அம்மாவிடம் போட்டுக்கொடுத்தது உண்மை. “ஐயையோ, எந்த நாட்டுக்கு?” என்று அவர் கேட்டதும் உண்மை. ஆனால் அதற்கடுத்த வாரம் கடையில் நடந்ததை நினைத்துப் பார். அம்மா ஒரு நாட்டியப் பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். விண்மீன் கூட்டங்கள் சுற்றுகிற வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களின் எடை மட்டும் போதாது, தெரியாத ஏதோ ஒன்று கனமாக உள்ளே இருந்து அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, அதைத்தான் கரும்பொருள் என்கிறோம் என்று நீ கையை ஆட்டி ஆட்டி விளக்கினாய். அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இதுல என்ன இருக்கு? பிள்ளைங்க மேடையில சுத்தறப்ப பாவாடை விரியற விதத்தைப் பாத்தா, உள்ள லைனிங் போட்ருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சுரும். லைனிங்கைக் கண்ணால பாக்கணும்னு என்ன இருக்கு?” நீ அப்படியே நின்றுவிட்டாய். “அம்மா, இதை நான் என் கான்ஃபரன்ஸ் டாக்ல சொல்லிக்கட்டுமா?” “சொல்லிக்கோ. கடை பேரையும் சேத்துச் சொல்லு.”

அப்பா மட்டும் சளைத்தவரா? முடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய மீக்கடத்திக் கம்பி, அதை மைனஸ் இருநூற்று எழுபது டிகிரி அளவுக்குக் குளிர வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும், அந்தக் கம்பி தாங்கக்கூடிய எல்லைக்கு ஒரு நூல் கீழே மின்சாரத்தை நிறுத்தி வைப்போம், அப்போது ஒரே ஒரு ஒளித்துகள் வந்து விழுந்தாலும் அந்த இடத்தில் தடை முளைத்து, சென்சார் ‘டிக்’ என்று ஒரு குறி போடும் என்று நீ சொன்னாய். லிஃப்ட் பராமரிப்பில் முப்பது வருடம் ஓட்டியவர் அவர். “அட, இது நம்ம லிஃப்ட் மாதிரி லா! பதிமூணு பேர் லோடு. பதிமூணு பேரும் உள்ள நிக்கறப்ப மணி அடிக்காது. ஒரு பாப்பா காலை வச்சா அடிச்சிரும்.” “அதேதான்ப்பா!” “அப்ப உன் பிரச்சினை என்னன்னு எனக்குத் தெரியும். பாப்பா வராமலே மணி அடிக்கறது. அதுக்குத்தான் எனக்கு ஓயாம ஃபோன் வரும்.” நீ நாற்காலியை விட்டு எழுந்து அவரைக் கட்டிக்கொண்டாய். ஏனென்றால் உன் ஆய்வின் மொத்தக் கஷ்டமும் அதுதான். கரும்பொருள் எப்போதாவது, மிக மிக அரிதாக, ஒற்றை ஒளித்துகளாக மாறக்கூடும் என்று ஒரு கணிப்பு. அந்த ஒற்றை டிக்கை நம்ப வேண்டுமானால், பாப்பா வராமல் அடிக்கும் பொய் மணிகள் அநேகமாக இல்லாமல் ஆக வேண்டும். ஜெர்மனிக்கு நீ கொண்டுபோக வேண்டியதும் அதுதான்: உன் சென்சார் எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருக்கும் என்பதற்கு ஒரு சான்று.

அந்தச் சான்றுக்காகக் குளிர் இயந்திரத்தை நான்கு வாரம் உன் பெயரில் ஒதுக்கித் தந்தார்கள். இயந்திரத்துக்குள் கும்மிருட்டு, அதில் கவலை இல்லை. ஆனால் சென்சாரைச் சரிபார்ப்பதற்காக உள்ளேயிருந்து ஒரு கண்ணாடி இழை வெளியே மேசைவரை வருகிறது. அறை வெளிச்சம் ஒரு சொட்டு அந்த இழையில் கசிந்தாலும் உள்ளே டிக் டிக் என்று ஊர்வலம் கிளம்பிவிடும். மேசையை மூட ஒரு கறுப்புத் துணி வேண்டும். கடையில் வாங்குவது அந்த மேசையின் மூலைகளுக்குப் பொருந்தவில்லை. “அம்மா தச்சா அளவா இருக்கும்,” என்று நீ சொன்னாய். அம்மா கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு உன் ஆய்வுக்கூடத்துக்கே வந்து, கல்யாணப் பெண்ணுக்கு அளவெடுப்பதுபோல மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இதுக்கு இடுப்பு எங்க இருக்கு?” என்று கேட்டார். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் அண்ணன், ராமநாதபுரத்திலிருந்து வந்து ஆறு வருடமாகச் சிரிக்காமல் வேலை பார்க்கிறவர் என்று நீ சொல்வாய், அன்று பம்ப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று அடுக்குத் துணி, ஓரத்தில் கனமான பட்டி, இழை வெளியே வரும் இடத்தில் ரவிக்கைக் கைபோல ஒரு குழல். பத்து நாள் தைத்தார். தேக்காவிலிருந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டு, பேருந்தில் எல்லாரும் என்னை மந்திரவாதி என்று நினைக்க, உன்னிடம் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

முதல் நாளே டிக் மழை. துணியை மூடி, அறை விளக்கை அணைத்த உடனே எக்கச்சக்கமாக அடிக்கும், மணிக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். மறுநாள் காலை விளக்கைப் போட்டு, துணியைத் தூக்கி, எங்கே கசிகிறது என்று தேடி, டேப் ஒட்டி, மறுபடி மூடுவாய். மறுபடி மழை. இழைக்கு அலுமினியத் தாள் சுற்றினாய். கதவிடுக்கை அடைத்தாய். தலைமுடியில் ஒட்டிய கறுப்பு டேப் துண்டுகளோடு வீட்டுக்கு வந்தாய். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். செல்வம் அண்ணன் கேட்டாராம், “டாக்டரம்மா, ஒருவேளை இதுதான் அந்தக் கரும்பொருளோ?” நீ சொன்னாயாம், “அண்ணே, கரும்பொருள் காலையில ஒன்பது மணிக்கு டியூட்டிக்கு வந்துட்டு மத்தியானத்துக்கு மேல லீவு போடாது.” அப்பாவுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. மூன்றாவது வாரத்தின் கடைசியில் நீ துணியையே எடுத்துவிட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய தடித்த பலகைகளால் மேசையை மூடினாய். சென்சார் வாயை மூடிக்கொண்டது. மிச்சமிருந்த ஒரு வாரம் நல்ல அமைதி. ஆனால் நான்கு வாரத்தில் மூன்று வாரம் போய்விட்டது.

மூன்று வாரம் போனது பெரிதில்லை, மகளே. அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. குழுக் கூட்டத்தில் நீ எழுந்து நின்று, துணியைத் தனியாகச் சோதிக்காமல் போட்டது என் கவனக்குறைவு என்று சொன்னாயாம். யாரும் உன்னைக் குறை சொல்லவில்லையாம். செல்வம் அண்ணன் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார், ‘தம்பி, அக்கா முகமே சரியில்ல, வீட்டுல பாத்துக்குங்க’ என்று. வீட்டில் அம்மாவிடம் நீ எவ்வளவோ பக்குவமாகத்தான் சொன்னாய். “உன் தப்பு இல்லம்மா. நான்தான் டெஸ்ட் பண்ணல. நீ தச்சதுன்னு நம்பிப் போட்டுட்டேன்.” ஆறுதலாகத்தான் சொன்னாய். ஆனால் அந்தக் கடைசி வரி அம்மாவுக்குள் எங்கே போய்த் தைத்தது என்று உனக்குத் தெரியாது. நீ உன் அறைக்குப் போன பிறகு அவர் அந்தத் துணியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தையல் தையலாக ஊசி ஓட்டையைத் தேடினார். “முப்பது வருஷமா தைக்கறேன். இதுல எங்க வெளிச்சம் போயிருக்கும்?” என்று துணியிடம் கேட்டார். இப்போதெல்லாம் கடையில் ரவிக்கையைக்கூட விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் கொடுக்கிறார். ஆக, இந்த வீட்டில் இரண்டு பெண்கள், இருவருமே தத்தம் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பெற்றோர் சொல்ல வேண்டியவற்றை இப்போது சொல்லிவிடுகிறேன். அப்பா இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்: உனக்குப் பதினாறு வயதானபோது, இயற்பியல் எல்லாம் எதற்கு, கணக்கியல் படி என்று அவர் இரண்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தார் அல்லவா, அது தப்பாம். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவரிடம் முதலில் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன், சொந்த மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டேன் என்றார். சொல்லிவிட்டு உடனே சீலிங் காற்றாடியைத் துடைக்கப் போய்விட்டார். அம்மா சொல்லச் சொன்னது: அங்கே குளிருக்குப் போடுவதற்கு இரண்டு உள்சட்டை தைத்திருக்கிறார், பிடிக்காவிட்டாலும் போட வேண்டும். போடுவாயோ மாட்டாயோ என்ற பயத்தில்தான் இன்னும் உன்னிடம் காட்டவில்லை. என் பங்குக்கு ஒன்று. கரும்பொருள் கிடைக்காமலே போகலாம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கிடைக்கவில்லை என்றால், இந்த இடத்தில் இல்லை என்று கோடு போட்டுக் காட்டுவோம், அடுத்தவர்கள் அங்கே தேட வேண்டியதில்லை, அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான் என்றாய். ஊருக்கு இவ்வளவு பெரிய மனது காட்டுகிறவள், ஒரு துணி சொதப்பியதற்காக உன்னையே வேலையிலிருந்து நீக்கிக்கொள்ளலாமா?

இதுவரை எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “நல்லாருக்குடா. இப்படியே முடிச்சிரு,” என்றார். நானும் முடிக்கலாம் என்றுதான் பேனாவை மூடினேன். முடியவில்லை. நல்ல வார்த்தையால் உன்னைத் தேற்றிவிடலாம் என்பது பொய். உனக்கு வேண்டியது நல்ல வார்த்தை இல்லை, உண்மை. இதற்குமேல் உன்னை மகளே என்று கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை.

அக்கா, துணி தைத்து முடிந்த அந்தச் சனிக்கிழமை, அம்மா சாப்பிடக் கீழே போயிருந்தார். என் பையில் பள்ளி நாடகத்தில் பேய் முகத்துக்குப் பூசிய பெயிண்ட் இருந்தது. வெளிச்சத்தில் வைத்தால் வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு, இருட்டில் பச்சையாக ஒளிரும் ரகம். துணியின் உள்பக்கத்தில் அதனால் ஒரு முகம் வரைந்தேன். பெரிய கண், பல், முறுக்கு மீசை. காய்ந்த பிறகு பார்த்தால் மங்கலான வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். உன்னிடம் கொண்டுவந்து விரித்தபோது, “என்னடா வெள்ளை வெள்ளையா?” என்று நீ கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் செல்வம் அண்ணன், “அது சாக்குக்கட்டிக் கோடு டாக்டரம்மா, டெய்லருங்க போடறது,” என்றார். நானும் தலையாட்டினேன். நீ விளக்கை அணைத்துவிட்டுத் துணிக்குள் தலையை விடுவாய், பேய் பல்லைக் காட்டும், நீ அலறுவாய், மாலையில் நான் ஒப்புக்கொள்வேன், காதைத் திருகுவாய். என் திட்டம் அவ்வளவுதான். துணியை மூடிய பிறகுதான் விளக்கை அணைப்பீர்கள், அதன்பின் அறைக்குள் யாருமே போகமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்த முகத்தை மனிதர் ஒருவரும் பார்க்கவில்லை. உன் சென்சார் மட்டும் மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருந்தது. கசிவைத் தேடி நீ துணியைத் தூக்கிய ஒவ்வொரு காலையும், என் பேய் அறை விளக்கைக் குடித்தது. மூடியதும் அந்த இழைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அதை உமிழ்ந்தது. நீ தேடத் தேடத்தான் கோளாறு புதிதாகிக்கொண்டே இருந்தது.

முதலில் எனக்கும் தெரியாது, நம்பு. நீ அலறவில்லை, சரி, ஜோக் புஸ்ஸாகிவிட்டது என்று நினைத்து மறந்தே போனேன். ஒன்பது மணி டியூட்டிக் கதையை நீ சொன்ன அன்று அப்பா சிரித்தாரே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றே சொல்லியிருந்தால் உனக்கு ஒரு வாரத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் உன் கண்ணைப் பார்த்து, இன்னும் ஒரு நாள் என்று நினைத்தேன். பிறகு துணி வீட்டுக்கு வந்ததும் நான் செய்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். பெயிண்ட் போகும்வரை அதைத் தேய்த்துத் துவைத்துவிட்டேன். பத்தாம் மாடி ஆண்ட்டியிடம் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? “எம்பையன் இன்னைக்கு அவனாவே துணி துவைச்சான் லா. பொறுப்பு வந்துருச்சு.” நான் அறைக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் சொல்கிறேன், அம்மாவின் தையலில் ஊசி ஓட்டை எதுவும் இல்லை. உன் கவனத்திலும் இல்லை. நம்பக் கூடாதவனிடமிருந்து துணியை வாங்கிக்கொண்டாய், அவ்வளவுதான் உன் குறை. அப்படியிருந்தும் கோளாறு துணியில்தான் என்று நீயேதான் கண்டுபிடித்தாய். அனுப்பாமல் வைத்திருக்கும் அந்தக் கடிதத்தை அழித்துவிட்டு, வருகிறேன் என்று எழுது. (நான் அதைத் தொடவில்லை. சத்தியமாக. படித்ததோடு சரி.) வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, பேராசிரியரிடமும் செல்வம் அண்ணனிடமும் நானே என் வாயால் சொல்கிறேன். பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன், முறுக்கு மீசைக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் இதை அம்மாவிடம் கொடுக்க வேண்டும். நேற்றே நேரில் சொல்லிவிடத் தேக்காவுக்குப் போனேன். மாடிப்படியில் இருபது நிமிடம் நின்றுவிட்டு, வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இன்று மறுபடியும் போகிறேன். இது உன் கைக்கு வந்திருந்தால், படியேறிவிட்டேன் என்று அர்த்தம்.

யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது, அன்றைக்கே ஒப்புக்கொள்வேன், யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றெல்லாம் மேலே பீற்றிக்கொண்டேன். அழிக்க மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும், படித்துச் சிரி. உன் சென்சார் என்னை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டது, அக்கா. பாவம், அதற்கு டிக் என்பதைத் தவிர வேறு பேச்சுத் தெரியாது. எல்லாப் பேச்சும் தெரிந்த நான்தான் வாயைத் திறக்கவில்லை.

உன் தம்பி